இலையண்ணன் வயிற்றில் என்ன?

'எந்த உயிரையும் கொல்லாதே' என்று பச்சை மையில் எழுதிய பேனருக்கு நேர் கீழே அந்தப் பிணம் கிடந்தது.

குப்புற.

கையில் மைக். அது மட்டும் இன்னும் உயிரோடு இருந்தது. பக்கத்தில் யார் மூக்கை உறிஞ்சினாலும் கூடம் முழுக்கக் கேட்டது.

"நல்லாத்தான் பேசிட்டிருந்தார் மேடம்," என்றார் ஜீவ சங்கத்தின் செயலாளர். தாடி, துணிப்பை, கான்வாஸ் ஷூ. "'ஒரு எறும்பு செத்தாலும் என் நெஞ்சு நின்னுடும்'னு சொன்னார். நின்னுடுச்சு."

"எறும்பு ஏதாவது செத்துச்சா?" என்று தரையை ஆராய்ந்தார் ஏட்டு.

இன்ஸ்பெக்டரம்மா திரும்பிப் பார்த்தார். ஏட்டு தரையை விட்டுவிட்டு விட்டத்தை ஆராய்ந்தார்.

இறந்தவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்திருக்கும். ஊருக்கு அவர் இலையண்ணன். வீகன்களின் தலைவர்.

கறியை விட்டவர்கள் நாட்டில் நிறையப் பேர் உண்டு. இலையண்ணன் பாலை விட்டார். தயிரை விட்டார். தேனீயின் உழைப்பைத் திருடக்கூடாது என்று தேனை விட்டார். பட்டை விட்டார், கம்பளியை விட்டார். தோல் பெல்ட்டை விட்டுவிட்டு இடுப்பில் நாடா கட்டினார்.

இப்போது உயிரையும் விட்டிருந்தார்.

உதட்டோரம் நுரை. இன்ஸ்பெக்டரம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். குச்சி போன்ற உடம்பு, நூல் புடவை. இலையண்ணனின் மனைவி. சங்கத்தில் எல்லோருக்கும் அண்ணி. அவர் அழவில்லை. கழன்று கிடந்த கணவரின் ரப்பர் செருப்பை எடுத்து ஜோடியாக வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை.

ஸ்டேஷனில் போன் அலறியது.

"விஷம்தான் மேடம்," என்றார் பிரேதப் பரிசோதனை டாக்டர். "அரளி விதை. உள்ள போய் சில மணி நேரம் ஆகியிருக்கு."

"தெரிஞ்சதுதான்."

"தெரியாத ஒண்ணு இருக்கு. வயித்துல இன்னொண்ணும் இருந்துச்சு..."

"என்ன?"

"ஆட்டுக்கறி."

இன்ஸ்பெக்டரம்மா போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"யார் வயித்துல?"

"இலையண்ணன் வயித்துல."

"பிணம் மாறிப் போயிருக்கும். பாருங்க."

"இடுப்புல நாடா கட்டியிருக்கு மேடம். அவரேதான். நல்ல இளங்கறி. கூடவே ஈரல்."

"ஈரலா?" என்றார் ஏட்டு, தூரத்திலிருந்து. அவருக்கு இந்த ஒரு வார்த்தை மட்டும் எவ்வளவு தூரத்திலிருந்தாலும் கேட்கும்.

செயலாளரை வரவழைத்து விஷயத்தைச் சொன்னார்கள்.

கேட்டவர் நாற்காலியிலிருந்து மெல்லச் சரிந்தார். ஏட்டு தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு எழுந்து போய், கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மேடம்... ஒரு உதவி."

"சொல்லுங்க."

"கொலைன்னு எழுதிக்கோங்க. எங்களுக்கு ஆட்சேபணையே இல்ல. கறின்னு மட்டும் எழுதாதீங்க."

"உங்க தலைவரை விஷம் வெச்சுக் கொன்னிருக்காங்க. யாருன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

"விஷம் வெக்கறது எங்கயும் நடக்கறதுதான். கறி தின்னார்னு வெளிய தெரிஞ்சா சங்கமே போச்சு மேடம். சோயான்னு எழுதிடலாமா? பார்க்க அப்படியே இருக்கும்."

"ஈரலும் சோயாவுல வருதா?" ஏட்டு உண்மையான ஆர்வத்தோடு கேட்டார்.

"காளான்னு போட்டுக்கலாம்." செயலாளரின் குரல் உடைந்தது. "வேணும்னா நான்தான் கொன்னேன்னு எழுதிக்கோங்க மேடம், கையெழுத்துப் போடறேன். அந்தக் கறியை மட்டும் எடுத்துடுங்க."

இன்ஸ்பெக்டரம்மா அவரையே பார்த்தார். இத்தனை வருட வேலையில் கறிக்குப் பதிலாகக் கொலையை ஒத்துக்கொள்ள வந்த முதல் ஆள்.

"போயிட்டு வாங்க," என்றார்.

கறி எங்கிருந்து வந்தது?

இதைக் கண்டுபிடிக்க ஏட்டை அனுப்பினார். இந்த மாதிரித் துப்புக்கு ஏட்டை மிஞ்ச ஆளில்லை. போனவர் மதியத்துக்குள் திரும்பினார். கூடவே கைலி கட்டிய ஒரு தடித்த மனிதர்.

"கறிக்கடைக்காரர் மேடம். சங்கத்துக்கு அடுத்த தெரு. அதைவிட முக்கியம்... இவர் அண்ணியோட கூடப் பிறந்த அண்ணன்."

"உட்காருங்க," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "இலையண்ணன் உங்க வீட்டுலயா சாப்பிட்டார்?"

கறிக்கடைக்காரர் தலையைக் குனிந்தார். பெரிய கைகள். எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தார்.

"மாப்பிள்ளை வாரம் ஒருதரம் வருவாருங்க. சங்கத்து ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து முன்வாசல்ல நின்னு, 'கொலைகாரா, கடையை மூடு'ன்னு கத்துவாரு. கத்தி முடிச்சு அவங்களை அனுப்பிட்டா பசி வந்துடும். பின்வாசல் வழியா வருவாரு."

"கொலைகாரன்னு கத்தினவருக்குச் சோறு போட்டீங்க?"

"வீட்டு மாப்பிள்ளைங்க. பசின்னு வந்தா என்ன செய்யறது? தங்கச்சி கல்யாணமாகிப் போனதுலேந்து எங்க வீட்டுப் படி ஏறினதில்ல. கறி வெட்டற வீட்டுல தண்ணிகூட குடிக்கக்கூடாதுன்னு இவர்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தார். அவ எப்படி இருக்கா, என்ன பண்றான்னு இவரு வந்து சொன்னாத்தான் எங்களுக்குத் தெரியும். அதுக்காகவே ரெண்டு துண்டு கூடுதலா வெப்பேன்."

"உங்க கடையை மூடச் சொல்லி உத்தரவு வந்திருக்கு."

"வந்திருக்குங்க."

"அவர் குடுத்த புகார்லதான்."

"ஆமாங்க."

"உங்க வீட்டுக் கொல்லையில அரளிச் செடி நிக்குது."

"அரளி எங்கதாங்க இல்ல? ரோடு பூரா நிக்குது. நேத்து ஈரல் கேட்டாரு. வறுத்தோம். ஒரே சட்டி. நான், என் சம்சாரம், பசங்க எல்லாரும் அதைத்தான் தின்னோம்."

"சட்டியில மிச்சம் இருக்கா?" என்றார் ஏட்டு.

"இல்லீங்க."

"அடடா." இன்ஸ்பெக்டரம்மா முறைத்ததும், "சாட்சியத்துக்குக் கேட்டேன் மேடம்," என்றார்.

அப்போது மேலதிகாரியின் போன் வந்தது. பேசி முடித்த இன்ஸ்பெக்டரம்மாவின் முகம் கறுத்திருந்தது.

"நாளைக்கே இவரைக் கோர்ட்டுல நிறுத்தணுமாம். கறி இவர் வீட்டுது, செடி இவர் வீட்டுது, காரணமும் இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்னு கேக்கறார்."

கறிக்கடைக்காரர் கைலியின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் அவருடைய மனைவி காத்திருந்தார். இன்ஸ்பெக்டரம்மாவைக் கண்டதும் ஓடி வந்தார்.

"மேடம், என் நாத்தனார்கிட்டப் போய் கெஞ்சினேன். 'எங்க அண்ணன் அப்படிச் செய்ய மாட்டான்'னு ஒரு வார்த்தை வந்து சொல்லு தாயின்னு அழுதேன். கதவைத் திறந்தா. கேட்டா. மூடிட்டா. அவ சொன்னாத்தான மேடம் ஊர் நம்பும்? இந்த மனுஷன் தூக்குக்குப் போயிடுவாரா?"

இன்ஸ்பெக்டரம்மா ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

இலையண்ணன் வீடு சுத்தமாக இருந்தது. பஞ்சுத் தலையணை, ரப்பர் செருப்பு, சணல் மிதியடி.

"உங்க அண்ணன் செஞ்சிருப்பாரா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா.

அண்ணி கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். "தினம் ஆட்டை வெட்டற கை. யோசிக்குமா?"

"வெட்டலையேம்மா. விஷம்."

கீரைக் காம்பு ஒன்று படக்கென்று ஒடிந்தது.

"அவர் கறி சாப்பிட்டது உங்களுக்குத் தெரியுமா?"

"நீங்க சொல்லித்தான் தெரியும்."

ஆச்சரியப்படவும் இல்லை. அழவும் இல்லை. கணவன் தின்ற கறியைப் பற்றி மின் கட்டணம் போலப் பேசினார்.

அலமாரியில் ஒரு சின்ன பாட்டில் இருந்தது. இன்ஸ்பெக்டரம்மா எடுத்துக் குலுக்கினார். உள்ளே கேப்சூல்கள்.

"இது?"

"பி-ட்வெல்வ் சத்து. பாலும் கறியும் இல்லாம இருந்தா அது உடம்புக்குக் கிடைக்காது. சங்கத்துல எல்லாரும் காலையில ஒண்ணு போடுவோம். இது என்னோடது."

"அவரோடது?"

"அவர் பாட்டில் சங்கத்து ஆபீஸ் மேஜையில கிடக்கும். அங்கயே போட்டுப்பார். யார் யாரோ வர்ற இடம்."

இன்ஸ்பெக்டரம்மா ஒரு கேப்சூலைக் கையில் உருட்டினார். மெல்லத் திருகினார். இரண்டாகக் கழன்றது. உள்ளே பொடி. மறுபடி பொருத்தினார். பொருந்திக்கொண்டது.

ஒரே சட்டிக் கறியைத் தின்ற குடும்பம் முழுக்க உயிரோடு இருக்கிறது. இலையண்ணன் மட்டும் தனியாக விழுங்கியது இது ஒன்றைத்தான்.

ஜீப்பில் ஏறியதும் ஏட்டு கேட்டார். "அப்போ சங்கத்துல இருக்கற அத்தனை பேருமே சந்தேகக் கேஸா மேடம்? எறும்பைத் தாண்டி நடக்கற ஆளுங்க. அடிச்சாக்கூட சொல்ல மாட்டாங்க."

"அடிக்க வேண்டாம்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "இவங்களைத் திட்டணும்."

"என்னன்னு?"

"அதைத்தான் யோசிக்கறேன்."

மறுநாள் காலை அதே கூடத்தில் இரங்கல் கூட்டம். அதே பேனர். அதே மைக்.

செயலாளர் தழுதழுத்துப் பேசிக்கொண்டிருந்தபோது இன்ஸ்பெக்டரம்மா நுழைந்தார். பின்னால் ஏட்டு. ஏட்டின் பிடியில் கறிக்கடைக்காரர்.

கூடம் பாம்பு போலச் சீறியது. பிறகு, பாம்பும் ஓர் உயிர்தான் என்று ஞாபகம் வந்தது போல அடங்கியது.

இன்ஸ்பெக்டரம்மா மைக்கை வாங்கிக்கொண்டார்.

"கோர்ட்டுக்குப் போற வழியில உங்களுக்கு ஒரு நல்ல செய்தி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். உங்க தலைவருக்கு விஷம் கேப்சூல்ல வெச்சுக் குடுத்திருக்காங்க. பி-ட்வெல்வ் கேப்சூல் மாதிரியே."

முணுமுணுப்பு.

"பயப்படாதீங்க. உங்கள்ல யாரும் இல்லன்னு தெளிவாயிடுச்சு. ஏன்னா அந்தக் கேப்சூலோட உறை ஜெலட்டின்."

முணுமுணுப்பு நின்றது.

"ஜெலட்டின்னா உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. மாட்டுத் தோலையும் எலும்பையும் கொதிக்க வெச்சு எடுக்கற பசை. உங்க ஆளு எவனும் அதைக் கையால தொட மாட்டான். ஆக, கசாப்புக்காரர்தான்."

"அதானே பார்த்தேன்," என்று செயலாளர் பெருமூச்சு விட்டார். கூடம் முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. சங்கம் பிழைத்தது.

கறிக்கடைக்காரர் மட்டும் விழித்தார். "ஜெல... என்னங்க அது?"

இன்ஸ்பெக்டரம்மா தொடர்ந்தார்.

"ஒரே ஒரு வருத்தம்தான். கறியாவது அவரே ஆசைப்பட்டுத் தின்னது." 'கறியா?' என்று கூடம் கிசுகிசுக்க, செயலாளர் துணிப்பையில் முகத்தை மறைத்துக்கொண்டார். " இந்த மாட்டுப் பசையை அவருக்கே தெரியாம, மருந்துன்னு நம்ப வெச்சு ஊட்டியிருக்காங்க. கடைசியா அவர் முழுங்கின மருந்துல இருந்தது செத்த மாடு. நாளைக்குப் பேப்பர்ல இப்படித்தான் வரப்போகுது. அதை ஊட்டின கை எவ்வளவு அசிங்கமான கையா இருக்கணும்..."

"பொய்."

சத்தமில்லாத குரல். முன்வரிசையிலிருந்து வந்தது.

அண்ணி எழுந்து நின்றிருந்தார்.

"அது ஜெலட்டின் இல்ல."

"லேப் ரிப்போர்ட் இருக்கும்மா."

"லேப்காரனுக்கு என்ன தெரியும்? செடி நார்ல செஞ்ச உறை. சாதாரணக் கடையில கிடைக்காது, கேட்டு வரவழைச்சேன். விஷமும் செடி, உறையும் செடி. அதுல ஒரு ஜீவனும் துன்பப்படல."

"உங்க வீட்டுக்காரரைத் தவிர," என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

மைக் அதைக் கூடம் முழுக்கச் சொன்னது.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். காலம் கடந்துவிட்டது.

"அவர் பாட்டில் ஆபீஸ் மேஜையில கிடக்கும்னு சொன்னீங்க?"

பொத்திய கை மெல்ல இறங்கியது.

"தினம் காலையில நான்தான் குடுப்பேன். இந்தக் கையால. அவர் எங்க போய் எதைத் தின்னாலும் அது அவர் பாடு. என் கையால ஒருநாளும் ஒரு சொட்டுப் பால் குடுத்ததில்ல. என்னைக் கொலைகாரின்னு சொல்லுங்க. மாட்டுப் பசையை ஊட்டினவள்னு சொல்லாதீங்க."

"பாப்பா, சும்மா இரு!" கறிக்கடைக்காரர் ஏட்டின் பிடியை உதறினார். "மேடம், அவ உளர்றா. நான்தாங்க வெச்சேன்."

"எதுல வெச்சீங்க?"

"கறியில."

"அதை உங்க பசங்களும் தின்னாங்க."

"அப்ப... மாத்திரையில."

"என்ன மாத்திரை?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "தலைவலி மாத்திரைங்க."

இன்ஸ்பெக்டரம்மா அவர் தோளைத் தொட்டு உட்கார வைத்தார்.

"அவர் கறி தின்னது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அண்ணியிடம் கேட்டார்.

"பூனை," என்றார் அண்ணி.

"பூனையா?"

"ரோட்டுல அடிபட்டுக் கிடந்ததை எடுத்து வளர்த்தோம். அதுக்கும் எங்க சாப்பாடுதான். வாரத்துல ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்ததும் அது ஓடி வந்து அவர் விரலை நக்கும். ஒவ்வொரு விரலா, விடாம. 'உயிர்கள் என்கிட்ட எவ்வளவு பாசமா இருக்கு பாரு'ம்பார். நானும் நம்பினேன். எனக்கும் பூனைக்கும் ஒரே பட்டினி. அதுக்கு மூக்கு இருந்துச்சு. ஒருநாள் அவர் பின்னாடியே போனேன். எங்க அண்ணன் வீட்டுப் பின்வாசல். உள்ளே ஒரே சிரிப்பு. 'இன்னும் ரெண்டு துண்டு வைங்க மச்சான்'ங்கறார்."

கூடத்தில் யாரும் மூக்கைக்கூட உறிஞ்சவில்லை.

"அந்த வீட்டுலதான் எங்கம்மா சாகக் கிடந்தா. வாசல்ல நின்னு பார்த்துட்டு வந்தேன். 'உள்ளே வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போடி'ன்னா. அந்த வீட்டுச் சோத்துல ரத்தம் இருக்குன்னு இவர் சொன்னதை அவகிட்ட அப்படியே சொன்னேன். சாகப்போறவகிட்ட சொன்னேன். அந்தச் சோறு, அந்தத் தட்டு... இவர் உட்கார்ந்து சிரிச்சுச் சிரிச்சுத் தின்னுட்டிருக்கார். இவன் பரிமாறிட்டிருக்கான்."

அண்ணனின் பக்கம் திரும்பினார்.

"நீ தூக்குல தொங்கட்டும்னுதான் வாயை மூடிட்டிருந்தேன்."

"தொங்கியிருப்பேனே," என்றார் கறிக்கடைக்காரர். "இந்த ஜெலவை அவங்க சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. நீ எதுக்கு எந்திரிச்ச?"

அண்ணி முதல்முறையாக அழுதார்.

செயலாளர் மெல்ல இன்ஸ்பெக்டரம்மாவின் அருகில் வந்தார். கண்ணைத் துடைத்தபடி காதோரம் கேட்டார்.

"அப்போ பேப்பர்ல... ஜெலட்டின் வராதுல்ல மேடம்?"

"வராது."

"கறி?"

"அது வரும்."

செயலாளர் மறுபடியும் சரிந்தார். இந்த முறை தண்ணீர் கொடுக்க யாரும் வரவில்லை.

வெளியே ஜீப்பை நோக்கி நடக்கும்போது ஏட்டு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"லேப் ரிப்போர்ட் எப்ப வந்துச்சு மேடம்? எங்கிட்டக் காட்டவே இல்லையே?"

"வரவே இல்ல. வயித்துக்குள்ள போன உறை கரைஞ்சு போயிடுச்சாம். அது மாடா செடியான்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார்."

"அப்போ சும்மா அடிச்சு விட்டீங்களா?"

"அந்தச் செயலாளர் கறியை மறைக்கக் கொலையை ஒத்துக்க வந்தார். அப்பவே தெரிஞ்சுது. இவங்களைக் கொலைகாரன்னா தாங்கிப்பாங்க. கலப்படம்னா தாங்க மாட்டாங்க. ஆனா அண்ணி எந்திரிப்பாங்கன்னு நானே நினைக்கல. யாராவது ஒரு தாடி எழுந்திரிக்கும்னு பார்த்தேன்."

பெண் காவலர் அண்ணியை அழைத்து வந்தார். பின்னால் கறிக்கடைக்காரர், விடுதலை ஆனவர் போல அல்லாமல் தண்டனை கிடைத்தவர் போல நடந்து வந்தார்.

"ஜெயில்ல பால் குடுப்பாங்களாம் பாப்பா," என்றார். "வேணாம்னு சொல்லிடு. நான் பழம் வாங்கிட்டு வர்றேன். கையை நல்லா கழுவிட்டுத்தான் வாங்குவேன்."

அண்ணி அவரைப் பார்த்தார். பிறகு லேசாகத் தலையை அசைத்தார்.

ஜீப்பின் படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். சீட்டை விரலால் தடவினார். முகம் சுருங்கியது.

"இது தோலா?"

இன்ஸ்பெக்டரம்மா ஏட்டைப் பார்த்தார்.

"ரெக்சின்தாம்மா, தைரியமா ஏறுங்க," என்றார் ஏட்டு. "எங்க டிபார்ட்மென்ட்ல தோலை உரிக்கறது எங்களை மட்டும்தான்."